மாரியின் முதல் கிழமை

ஆனைக்கோட்டையில் இன்று
பதினேழு கிணறுகளுக்குக் குளோரின் போட்டேன்.
விட்டம் அளந்து, நீர்மட்டம் அளந்து,
பெருக்கி, நிறுத்து, வாளியில் கரைத்து,
தெளிந்ததை மட்டும் ஊற்றினேன்.
என் வயிற்றுக்கு எவ்வளவு போடுவதென்று
எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.

சோளகம் வீசும் மட்டும் அது கல்.
காற்று தோலிலிருந்து தண்ணீரைக் களவெடுத்துப் போகும்,
வேர்த்ததே தெரியாது.
மோட்டார் சைக்கிளும் தேத்தண்ணியுமாய்ப் பகல் போய்விடும்.
மூன்று நாள், சிலவேளை நான்கு.
காலையில் கதவைப் பூட்டிக்கொண்டு
பேப்பரில் மரண அறிவித்தல்கள் வரை வாசித்துவிட்டுப்
போன மாதிரியே எழும்பி வருவேன்.
மங்கையற்கரசி நீர்வேலிக்காரி.
எந்தக் கேள்விக்கும் அவளிடம்
ஒரு சீப்புக் கதலி இருக்கும்.

ஆவணியில் கந்தோருக்கு
யாராவது பனங்காய்ப் பணியாரம் கொண்டுவருவார்கள்.
இரண்டு போதும் என்று தொடங்கி
எட்டில் நிற்பேன்.
நடுச்சாமம் நெஞ்சுக்குள்
அதே தாச்சியைத் திரும்பவும் அடுப்பில் வைப்பார்கள்.

பிறகு ஒரு பின்னேரம் காற்று வாடைக்குத் திரும்பும்.
திருநெல்வேலி வானிலை நிலையத்துக்கு
அரைநாள் முன்னமே
என் குடலுக்குச் செய்தி வந்துவிடும்:
ஒரு இரைச்சல், ஒரு புரளல்,
இடப்பக்கம் சின்னதாய் ஒரு குத்து.
செமியாக்குணம் என்பாள் அவள்.
மாரி என்பேன் நான்.

எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல்.
உள்ளே எத்தனை துளை, எத்தனை வழி.
இந்த வளவின் மலகூடக் குழியும்
அந்த வளவின் கிணறும்
முதல் மழையோடு கதைக்கத் தொடங்கும்.
மேலே மதிலை உயர்த்திக் கட்டி
போத்தல் ஓடும் பதித்தவர்கள்
இதை யோசிக்கவில்லை.

கொதிக்கவைத்து ஆறவிட்டுக் குடியுங்கோ,
இரவுச் சோற்றை மூடாமல் வையாதேயுங்கோ,
கைக்குச் சோப்புப் போடுங்கோ.
பதினான்கு வீட்டில் சொன்னேன்.
பதினைந்தாவது வீடு விமலறஞ்சினியுடையது.
கடைக்குட்டிக்கு முந்தாநாள் தொடக்கம் வயித்தாலை போகுது.
ஜீவனிப் பைக்கற்றுகளைக் கொடுத்து,
கரைக்கும் விதம் சொல்லி,
வாளியை எடுக்கத் திரும்பினால்
எவர்சில்வர் டம்ளரில் தேசிக்காய்த் தண்ணி.

நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.
குளோரின் கரைக்க முன்னம் அள்ளிய தண்ணி.

அவள் சொன்னாள்:
"எங்கடை வீட்டில நீங்கள் குடிக்க மாட்டியள் போல."

கொதித்த தண்ணியோ என்று கேட்கலாம்.
கேட்க வேண்டியது என் உத்தியோகம்.
ஆனால் இந்த ஊரில்
தண்ணீரை மறுத்த வாய்கள்
கிருமியைப் பற்றி யோசித்து மறுத்ததில்லை.
வேறு கணக்கு அது,
மூன்று தலைமுறையாய் அவள் படலைக்கு வெளியே நின்று
சைகையால் வேண்டாம் என்ற கைகளின் கணக்கு.
என் அப்பாவின் கையும் அதில் ஒன்று.

ஒரே மடக்கு.
டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினேன்,
சின்னப் பிள்ளை மாதிரி.

இப்போது இரவு ஒன்றரை.
ஐந்தாவது தரம் போய்வந்தாயிற்று.
மங்கையற்கரசி ஒன்றும் கேட்கவில்லை.
பச்சையரிசிக் கஞ்சியில் உப்புப் போட்டு,
நான் ஊருக்குக் கொடுக்கும் அதே பைக்கற்றைக் கிழித்து
ஒரு லீற்றரில் கரைத்து,
"விதம் சரிதானே ஐயா?" என்று நீட்டினாள்.
சிரிக்க வயிறு இடம் தரவில்லை.

கூரையில் மழை பலக்கிறது.
பதினேழு கிணற்றிலும் மட்டம் ஏறும்.
என் கணக்கு இரவுக்குள் பிழைத்துவிடும்;
திரும்ப அளக்கவேண்டும்.

விடிந்தால் முதலில் அந்த வீட்டுக்கே போவேன்.
பிள்ளைக்கு எப்படி என்று கேட்பேன்.
பிறகு, அவள் கேட்க முன்னம் நானே,
"தேத்தண்ணி ஒண்டு போடுங்கோவன்" என்பேன்.
கேத்தில் கொதித்து மூடி ஆடும்வரை
குந்தில் இருப்பேன்.
சீனி எத்தனை கரண்டி போட்டாலும்
ஒன்றும் சொல்ல மாட்டேன்.